வெள்ளணு கூடினால் வலிமை கூடுமா?

மாணவ நண்பர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நெடுநாள் வாழ்ந்தவர்களாக இருந்தால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இஸ்னோபீலியா என்றால் என்ன?" என்று கேளுங்கள். மருத்துவ நூல் எதையும் புரட்டாமலே விடை வரும். "அதுவா? ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். விடியும் வரைக்கும் விடாது. பகலில் ஆள் நன்றாகத்தான் இருப்பான்" என்பார்கள். எத்தனையோ நோய்களின் ஆங்கிலப் பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழையாமல் வாசலோடு நின்றுவிட்டன. இந்தப் பெயர் மட்டும் சமையலறை வரை வந்துவிட்டது.

அவர்கள் சொல்லும் பெயரின் சரியான வடிவம் இயோசினோஃபிலியா. அது இருமலின் பெயர் அன்று. இரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதைக் குறிக்கும் பெயர். இங்கேதான் உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். வெள்ளணுக்கள் நம் உடலின் போர் வீரர்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். வீரர்கள் பெருகினால் நாடு வலிமை பெற வேண்டுமே! நோய் எப்படி வரும்?

விடை தேடுமுன் வீரர்களை எண்ணும் முறையைத் தெரிந்துகொள்வோம். இன்று பெரிய பரிசோதனைக்கூடங்களில் இயந்திரமே எண்ணிவிடுகிறது; இரத்தத்தை உறிஞ்சி, ஒரு நிமிடத்தில் தாளில் அச்சிட்டுத் தந்துவிடுகிறது. ஆனால் முன்பு எல்லா இடங்களிலும் வழங்கிய கைமுறைதான் விஷயத்தைத் தெளிவாகக் காட்டும். உள்ளே ஒரு வெள்ளை மணி உருளும் சிறு கண்ணாடிக் குழாயில் 0.5 என்ற கோடு வரை இரத்தத்தை எடுப்பார்கள். பிறகு 11 என்ற கோடு வரை ஒரு திரவத்தை ஏற்றுவார்கள். அந்தத் திரவத்தில் உள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துக் கரைத்துவிடும். அதில் கலந்த ஊதாச் சாயம் வெள்ளணுக்களின் உட்கருவில் ஏறும். இரத்தம் இப்போது 20 மடங்கு நீர்த்துவிட்டது. இதில் ஒரு துளியை, கட்டங்கள் செதுக்கிய ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். நான்கு மூலைகளிலும் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள கட்டங்கள் இருக்கும்; ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கிலும் உள்ள அணுக்களை எண்ணி 50 ஆல் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஏன் 50? காகிதம் பென்சில் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். நான்கு கட்டங்களில் 160 அணுக்கள் இருந்தால் விடை 8,000. வளர்ந்தவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருந்தால் இயல்பு.

மொத்தம் தெரிந்துவிட்டது. ஆனால் மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு ஊரில் பத்தாயிரம் பேர் கூடியிருக்கிறார்கள் என்றால், அது திருவிழாவா கலவரமா என்று எண்ணிக்கை சொல்லுமா? கூடியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அதற்கு வேறொரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் பூசி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இந்தக் கலைக்கு வழி காட்டியவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர். துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலைகள் புதுப்புதுச் சாயங்களைச் செய்துவந்த காலம் அது. அவற்றை எல்லாம் வாங்கி இரத்தத்தின் மேல் ஊற்றிப் பார்த்தார் அவர். 1879 இல் அவர் கண்டது இது: இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஒருவகை வெள்ளணு மட்டும் ஆசையோடு உறிஞ்சிக்கொள்கிறது. அதனுள்ளே உள்ள பருமணல் போன்ற துகள்கள் செக்கச் செவேலென்று ஒளிர்கின்றன. இயோசினை விரும்பும் அணு என்பதால் அதற்கு இயோசினோஃபில் என்று பெயர் வந்தது.

வெள்ளணுக்களில் ஐந்து இனங்கள் உண்டு. நூறு வெள்ளணுக்களை எடுத்தால் 40 முதல் 75 வரை நியூட்ரோஃபில்கள். பாக்டீரியாவை விழுங்குவது இவற்றின் வேலை. 20 முதல் 45 வரை லிம்ஃபோசைட்டுகள். மோனோசைட்டுகள் சில. பேசோஃபில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். நம் இயோசினோஃபில் 1 முதல் 6 வரை இருக்கும். டைஃபாய்டிலும் டெங்குவிலும் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்துபோகும் என்பதையும் போகிற போக்கில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றாலே வெள்ளணு ஏறும் என்பது சரியன்று.

இனி அந்த நள்ளிரவு இருமலுக்கு வருவோம்.

1940 ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமட்-மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்ட நோயாளிகள் சிலரின் மார்பு எக்ஸ்ரேயில், தினையைத் தூவியதுபோல் புள்ளிகள். பார்த்தால் காசநோய் போலவே இருந்தது. ஆனால் சளியில் காசநோய்க் கிருமியைக் காணோம். இரத்தத்தைப் பார்த்தால் இயோசினோஃபில்கள் குவிந்து கிடந்தன. "காசநோய் போன்ற, ஆனால் காசநோய் அல்லாத" ஒரு நோய் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். 1943 இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதே போன்ற 81 நோயாளிகளைப் பற்றி எழுதி, வெப்பமண்டல இயோசினோஃபிலியா என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த ஒரு மருந்தை வேறு நோய்க்காகக் கொடுத்தபோது இருமலும் சேர்ந்து நின்றது தற்செயலாகத் தெரிய வந்தது. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் நோயின் காரணம் தெரியவில்லை. விஞ்ஞானத்தில் இப்படித் தலைகீழாகவும் நடப்பதுண்டு.

காரணத்தைத் துரத்தியவர்களில் மலாயாவில் பணியாற்றிய டாக்டர் டி. ஜே. தனராஜ் குறிப்பிடத்தக்கவர். யானைக்கால் புழுவுக்கான மருந்தைக் கொடுத்தால் இந்த இருமல் அடங்குகிறது என்று 1958 இல் அவர் எழுதினார். அப்படியானால் குற்றவாளி யானைக்கால் புழுவா? சந்தேகம் வலுத்தது. ஆனால் நோயாளியின் இரத்தத்தில் புழுவின் குஞ்சு ஒன்றுகூட அகப்படவில்லை. திருடன் வந்த தடம் இருக்கிறது, திருடனைக் காணோம் என்ற கதை.

அவனைப் பிடித்த இடம் நம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றின் திசுக்களைச் சீவிப் பார்த்தார்கள். உள்ளே புழுக்குஞ்சுகளின் உடல்கள் கிடந்தன. இயோசினோஃபில்கள் அவற்றைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருந்தன. இது 1960 இல் வெளியாயிற்று. புழு இரத்தத்தில் அகப்படாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அது இரத்தத்தில் உலவவே விடப்படவில்லை. நுரையீரலிலேயே மடக்கிக் கொல்லப்பட்டுவிட்டது.

யானைக்கால் நோயின் வழியை நீங்கள் அறிவீர்கள். சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும்போது புழுவின் இளம் பருவம் உடலில் புகுகிறது. நிணநீர்க் குழாய்களில் வளர்ந்து குஞ்சு பொரிக்கிறது. அந்த மைக்ரோஃபைலேரியாக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கியிருந்துவிட்டு, கொசு கடிக்க வரும் நள்ளிரவில் வெளி இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் யானைக்கால் நோய்த் தடுப்பு ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்கள். கூவம் ஓடும் வழியையும் சென்னையின் மேற்கே இருக்கும் ஏரிகளையும், மழை நின்று வாரக்கணக்கில் தெருக்களில் வடியாத நீரையும் நினைத்துக்கொண்டால், சென்னையும் பழைய செங்கற்பட்டு மாவட்டமும் இந்தக் கொசுவுக்கு ஏன் பிடித்துப்போயின என்று விளக்க வேண்டியதில்லை.

புழுவைச் சுமப்பவர்கள் பலருக்கு உடல் அதைச் சகித்துக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் உடல் கொதித்தெழுகிறது. சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். புழுவுக்கு எதிரான ஒவ்வாமைப் பொருள் இவர்கள் இரத்தத்தில் மிதமிஞ்சி இருப்பதை 1979 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு இயோசினோஃபிலும் தன் சிவந்த துகள்களைப் புழுவின் மேல் கொட்டுகிறது. அந்தத் துகள்களில் உள்ள புரதம் புழுவின் தோலைத் துளைக்கும் நஞ்சு. ஆனால் நஞ்சுக்குப் புழு எது, நுரையீரல் எது என்று தெரியாது. காற்றுக் குழாய்கள் புண்ணாகிச் சுருங்குகின்றன. இருமல், இழுப்பு, உடல் மெலிவு வருகின்றன. நெடுநாள் விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும்; அந்தத் தழும்பு பிறகு எந்த மருந்துக்கும் இளகாது. ஆஸ்துமா என்று எண்ணி இருமல் டானிக் குடித்துக்கொண்டே ஆண்டுகளைக் கழித்தவர்கள் இழந்தது இதைத்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. மொத்த எண்ணிக்கை 24,000, அதில் இயோசினோஃபில் நூற்றுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை எண்ணிக்கை 12,000. இந்த நோயில் அது 3,000க்கு மேல் இருக்கும். வெறும் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது: மொத்தமே 4,000 உள்ள ஒருவருக்கு 10 சதவீதம் என்றால் அது 400 தான், பயப்பட ஒன்றுமில்லை. எண்ணிக்கையோடு இரவு இருமல், ஒவ்வாமைப் பொருளின் அளவு, யானைக்கால் நோய்ப் பகுதியில் வாழ்ந்தாரா என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். பிறகு டைஎதில்கார்பமசின் என்ற மாத்திரை. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் மூன்று வாரம். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே இரவுத் தூக்கம் திரும்பிவிடுகிறது. சிலருக்கு நோய் மறுபடியும் வருவதால் எண்ணிக்கையைப் பிறகும் பார்த்து வர வேண்டும்.

யானைக்கால் நோய் ஒழிப்பு முயற்சிகளால் இன்று இந்த நோய் அருகிவிட்டது. இன்றைக்கு ஆவடியில் ஒரு மாணவனின் இரத்தச் சீட்டில் இயோசினோஃபில் சற்றுக் கூடியிருந்தால், காரணம் தூசு ஒவ்வாமையாகவோ ஆஸ்துமாவாகவோ குடற்புழுவாகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. பள்ளியில் உங்களுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைச் சன்னல் வழியே எறிகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

மேலே சொன்ன டைஎதில்கார்பமசின் எங்கிருந்து வந்தது? ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சாலைக்கு அப்பால் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895 இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஒரு பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்கும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அண்ணன் புருஷோத்தமன் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1923 இல் அமெரிக்கா போனார். பின்னாளில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுதான் 1947 இல் இந்தப் புழு மருந்தை வெளியிட்டது. நம் ஊர் இருமலுக்கு மருந்து நம் ஊர்க் கல்லூரி மாணவரிடமிருந்து, நியூயார்க் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது!

அவர் கதையை இங்கே நிறுத்த முடியாது. ஏனென்றால் வெள்ளணுவின் இன்னொரு நோயிலும், இதைவிடக் கொடிய நோயிலும், அவர் கை இருக்கிறது.

முதல் நோயில் வெள்ளணுக்கள் பெருகியதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த பகைவன். இனி பார்க்கப்போகும் நோயில் பகைவனே இல்லை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் எல்லா இரத்த அணுக்களையும் உண்டாக்கும் தொழிற்சாலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று விதப் பொருள்கள் செய்யும் ஓர் ஆலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஓர் இயந்திரம் நிறுத்த முடியாதபடி ஓடத் தொடங்குகிறது. பாதி வேலை முடிந்த, ஒன்றுக்கும் உதவாத உதிரிகளை அள்ளிக் கொட்டுகிறது. ஆலை முழுவதும் அந்தக் குப்பை நிறைந்து, மற்ற இரு பொருள்களைச் செய்ய இடமே இல்லாமல் போகிறது. இதுதான் லுக்கீமியா, அதாவது இரத்தப் புற்றுநோய். வெள்ளணு 60,000 என்று சீட்டில் இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வளர்ச்சி பெறாத இளம் அணுக்கள். ஒரு கிருமியையும் கொல்லத் தெரியாது. சிவப்பணு குறைவதால் உடல் வெளுக்கிறது. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசிகிறது, தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. வெள்ளணுக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளணுப் பஞ்சம்! சில வேளை மொத்த எண்ணிக்கை குறைவாகவேகூட இருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தே உறுதி செய்வார்கள்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது லிம்ஃபோசைட் வகையைச் சேர்ந்த கடும் லுக்கீமியா. 1947 வரை இது வந்த குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்தது.

அணுக்கள் பிளந்து பெருக ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் வேண்டும். இதன் கதையிலும் நம் நாடு உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில அம்மையார், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதைக் கண்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆய்வு செய்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருளே ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது சுப்பாராவின் குழு. பாஸ்டன் நகரில் குழந்தைகளைக் கவனித்துவந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகை மருந்து கொடுத்தால் லுக்கீமியா இன்னும் வேகம் கொள்வதைக் கண்டார். வேறொருவராக இருந்தால் தோல்வி என்று கைவிட்டிருப்பார். இவர் திருப்பி யோசித்தார்: ஊட்டினால் வளர்கிறது என்றால், பட்டினி போட்டால்?

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள போலிப் பொருள்களைச் செய்து அனுப்பியது. போலிச் சாவி பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது, உள்ளே மாட்டிக்கொண்டு உண்மைச் சாவியையும் நுழைய விடாது. அப்படித்தான் இந்த மருந்தும். அமினாப்டெரின் என்ற அந்தப் போலியை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் இதை வெளியிட்டார். பின்வாங்கல் தற்காலிகமானதுதான் என்று தலைப்பிலேயே நேர்மையாகச் சொன்னார். ஆனால் குழந்தைகளின் கடும் லுக்கீமியா ஒரு மருந்துக்குப் பணிந்தது அதுதான் முதன்முறை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அவர் குழு தந்த மற்றொரு போலியான மெத்தோட்ரெக்சேட், இன்றும் இந்த நோய்க்கான சிகிச்சையில் நீக்க முடியாத மருந்து.

ஒரு மருந்து மட்டும் போதாது என்று பின்னர் தெரிந்தது. பல மருந்துகள் சேர்ந்து தாக்க வேண்டும். அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்டின், உங்கள் தெருவோரத்தில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. (செடியைப் பறித்துத் தின்றுவிடாதீர்கள்; அது நஞ்சு.) புற்றணுக்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் ஒளிந்துகொள்ளும், சாதாரண ஊசி மருந்து அங்கே சரியாக எட்டாது. ஆகவே மெத்தோட்ரெக்சேட்டை முதுகுத் தண்டு நீரிலேயே செலுத்துவார்கள். 1984 இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகம் மூன்றும் ஒரே திட்டப்படி சிகிச்சை தரத் தொடங்கின. அடையாறில் இதில் முன்நின்றவர் டாக்டர் வி. சாந்தா. ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாக இருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். வசதி மிக்க நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

மருந்து ஒன்றுதான், பின் ஏன் இந்த வித்தியாசம்? காரணங்கள் பல. என் கருத்தில் மிக வேதனையானது, சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. முதல் மாதத்திலேயே குழந்தை தெளிந்து ஓடி விளையாடத் தொடங்கிவிடும். ஆனால் நுண்ணோக்கிக்கும் அகப்படாத புற்றணுக்கள் மஜ்ஜையில் மிச்சமிருக்கும். ஆகவே சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. பூந்தமல்லியிலிருந்து அடையாறுக்கு பஸ் மாறி மாறி வந்து, ஒரு நாள் கூலியை இழக்கும் தகப்பனுக்கு, "குழந்தைதான் நன்றாக இருக்கிறதே" என்று தோன்றுவது இயல்பு. நோய் மறுபடி தலைதூக்கினால், அதே மருந்துகள் முன்போல் கேட்பதில்லை.

உங்கள் வகுப்பில் நெடுநாள் வராமலிருந்து, தலைமுடி கொட்டி, முகமூடி அணிந்து திரும்பி வரும் ஒரு மாணவனோ மாணவியோ இருக்கலாம். அந்த நோய் தொற்றாது. பக்கத்தில் தாராளமாக உட்காரலாம். முகமூடி உங்களைக் காக்க அன்று, அவனைக் காக்கவே. மருந்து புற்றணுவோடு சேர்த்து நல்ல நியூட்ரோஃபில்களையும் குறைத்துவிடுகிறது. அவை 500க்குக் கீழே போய்விட்டால், உங்களுக்குச் சாதாரண சளியாகப் போகும் கிருமி அவனுக்கு உயிருக்கே கேடாகலாம். ஆகவே உங்களுக்கு மூக்கு ஒழுகும் நாளில் நீங்கள் நான்கு பெஞ்சு தள்ளி உட்காருங்கள். பள்ளியில் இருக்கும்போது அவனுக்கு உடம்பு சுடுவதாகத் தெரிந்தால் மாலை மணி அடிக்கட்டும் என்று காத்திராமல் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்க வைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடிய காய்ச்சல் அன்று அது. அன்றைக்கே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தை எண்ணிப் பார்த்தாக வேண்டும்.